எக்யூவில் மதிப்பு எழுதியிருக்காது: பிரெஞ்சு அரச வெள்ளி நாணயம் சேர்க்கத் தொடங்குபவருக்கு ஒரு வழிகாட்டி

பதினைந்தாம் லூயியின் வெள்ளி எக்யூவில் முன்புறம் அரசர் முகம் இருக்கும். பின்புறம் கிரீடம் வைத்த கேடயம், அதனுள் மூன்று லில்லி மலர்கள், சுற்றிலும் லத்தீன் வாசகம், ஆண்டு, அடியில் ஓர் எழுத்து. அது எவ்வளவு பெறும் என்பது மட்டும் எந்தப் பக்கத்திலும் இராது. நாணயத்தின் மதிப்பை எண்ணில் பார்த்தே பழகிய நமக்கு இது குழப்பம் தரும். ஆனால் இந்த ஒரு விஷயம் பிடிபட்டுவிட்டால் மற்றதெல்லாம் ஒவ்வொன்றாக விளங்கும்.

அன்றைய பிரான்சில் கணக்கில் எழுதும் பணம் வேறு, கையில் புழங்கும் நாணயம் வேறு. வணிகர்கள் லிவ்ர், சோல், தெனியே என்று கணக்கு எழுதினார்கள்: 12 தெனியே ஒரு சோல், 20 சோல் ஒரு லிவ்ர். ஒரு எக்யூ எத்தனை லிவ்ருக்குச் செல்லும் என்பதை அரசாணை முடிவு செய்தது. கஜானா வறண்டால் ஆணை மாறும். நேற்று வாங்கிவைத்த அதே நாணயம் இன்று கூடுதலாகவோ குறைவாகவோ செல்லும். அதில் எண்ணைப் பொறித்துவைப்பது அரசருக்கே வசதிப்படாத காரியம். கையில் இருக்கும் நாணயத்தில் மாறாதவை அதன் எடையும் வெள்ளியின் தரமும்தான். ஆகவே அரசர்களின் வம்சாவளியை மனப்பாடம் செய்வதற்கு முன், கிராமில் நூறில் ஒரு பங்குவரை காட்டும் சிறிய மின்னணுத் தராசு ஒன்றை வாங்கிவிடுங்கள்.

காலத்தைப் பிரித்துக்கொள்ளுங்கள்

எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சேர்க்க நினைப்பவர் எதையும் ஒழுங்காகச் சேர்க்க மாட்டார். 1514இல் பன்னிரண்டாம் லூயி இத்தாலிய மாதிரியைப் பார்த்து, அரசர் தலை பொறித்த தெஸ்தோனை வெளியிட்டதிலிருந்து 1793 வரை ஏறத்தாழ 280 ஆண்டுகள். இதை மூன்று பகுதிகளாகப் பிரித்துக்கொண்டால் கையாளலாம்.

முதல் பகுதி 1514 முதல் 1641 வரை. பெரும்பாலும் சுத்தியலால் அடித்த காலம். தெஸ்தோன் சுமார் 9.6 கிராம். 1575இல் மூன்றாம் ஹென்றி 14.19 கிராமில் வெள்ளி பிராங்கை வெளியிட்டார். அடுத்து வந்தது கால் எக்யூ, சுமார் 9.7 கிராம். இதன் கேடயத்துக்கு இருபுறமும் இரண்டிரண்டு கோடுகள், சேர்த்து ரோமானிய நான்கு. அன்றைய தங்க எக்யூவின் மதிப்பில் நான்கில் ஒரு பங்கு என்று பொருள். எண் இருக்கிறதே என்று மகிழ வேண்டாம். பங்கைத்தான் சொல்கிறது, விலையைச் சொல்லவில்லை. 1577 ஆணைப்படி 15 சோலுக்குச் சென்ற இந்த நாணயம், 1602இல் 16 சோல் ஆயிற்று. கோடுகள் நான்காகவே இருந்தன.

இரண்டாம் பகுதி 1641 முதல் 1726 வரை. பதின்மூன்றாம் லூயி காலத்தில், லியேஜ் பகுதியிலிருந்து வந்த செதுக்குக் கலைஞர் ழான் வரேன் அச்சுகளைச் செய்ய, இயந்திரத்தில் அடித்த பெரிய வெள்ளி எக்யூ பிறந்தது. எடை சுமார் 27.4 கிராம், மதிப்பு 60 சோல். 1645இல் சுத்தியலுக்கு விடை கொடுத்தார்கள். பிறகு பதினான்காம் லூயியின் நீண்ட ஆட்சி, போர்கள், ஆணைமேல் ஆணைகள். அவர் இறந்த பின்பும் அமைதி இல்லை. 1716இல் எக்யூ 30.59 கிராம், இரண்டே ஆண்டுகளில் 24.47 கிராம். 1720இல் ஸ்காட்லாந்து நிதியாளர் ஜான் லாவின் காகிதப் பண முயற்சி சரிந்தபோது வெள்ளி, தங்கத்தின் மதிப்பு திரும்பத் திரும்ப மாற்றப்பட்டது.

மூன்றாம் பகுதி 1726 முதல் 1793 வரை. எக்யூ 29.49 கிராம், 6 லிவ்ர். புரட்சிவரை இது அசையவே இல்லை.

மூன்றாம் பகுதியில் தொடங்குங்கள்

புதியவர்கள் பெரும்பாலும் பதினான்காம் லூயியிடம்தான் ஓடுவார்கள். சூரிய அரசன் என்ற பெயரின் கவர்ச்சி அப்படி. ஆனால் அவர் காலத்து நாணயங்களில் வகைகள் மிகுதி, எடைகள் பல, பழைய நாணயத்தின் மேலேயே அடித்த மறு அச்சுகள் வேறு. அவசரப்படாதீர்கள். 1726க்குப் பிந்தைய எக்யூவில் எடை ஒன்று, தரம் ஒன்று (ஆயிரத்தில் 917 பங்கு வெள்ளி). பதினைந்தாம் லூயிக்கு முகங்கள் மூன்றே. 1726இலிருந்து மார்பளவு உருவமும், பின்புறக் கேடயத்தைச் சுற்றி இரு இலைக்கிளைகளும் கொண்ட 'லோரியே'. 1740க்குப் பின் தலைமுடியை நாடாவால் கட்டிய நடுவயது முகம், 'பந்தோ'. 1770க்குப் பின் தாடை தளர்ந்த முதிய முகம், 'வியேய் தெத்'. கடைசி வகை அரிது, விலையும் கூடுதல். முதல் நாணயமாகப் பந்தோ ஒன்றை வாங்குங்கள் என்பேன். ஏராளமாகக் கிடைக்கிறது. பதினாறாம் லூயியின் எக்யூவும் அவ்வாறே.

41 மில்லிமீட்டர் அகல நாணயத்துக்குக் கைப்பணம் போதவில்லையென்றால் சிறு பிரிவுகள் உண்டு. அரை, ஐந்தில் ஒன்று, பத்தில் ஒன்று, இருபதில் ஒன்று. இவை சந்தையில் கைமாறிக் கைமாறித் தேய்ந்தவை. பெரிய எக்யூ பெட்டியில் தூங்கியது, சிறியது வேலை செய்தது. அதனால் சிறியதில் நல்ல முகம் கிடைப்பதுதான் கடினம்.

நாணயத்தை வாசிக்கப் பழகுங்கள்

1766ஆம் ஆண்டு பந்தோ ஒன்று லென்ஸின் கீழ் இருப்பதாக வைத்துக்கொள்வோம். முன்புற வாசகம் சுருக்கெழுத்தில் 'லுட். 15. டி. ஜி. ஃப்ர். எட் நவ். ரெக்ஸ்' என்று ஓடும். இறையருளால் பிரான்சுக்கும் நவாருக்கும் அரசரான பதினைந்தாம் லூயி என்பது விரிவு. நவார் எங்கிருந்து வந்தது? 1589இல் பிரான்சின் அரியணை ஏறிய நான்காம் ஹென்றி அதற்கு முன்பே நவாரின் அரசர். அவர் கொண்டுவந்த பட்டத்தைப் பேரர்கள் விடவில்லை. பின்புறத்தில் 'சிட் நோமென் டோமினி பெனடிக்டும்', அதாவது கர்த்தருடைய நாமம் ஸ்தோத்திரிக்கப்படுவதாக என்னும் சங்கீத வரி.

அடுத்து கேடயத்தின் அடியில் உள்ள எழுத்து. இதுதான் நாணயச்சாலையின் அடையாளம். முதலாம் பிரான்சுவா 1540இல் ஏற்படுத்திய முறை. ஏ என்றால் பாரிஸ், பி ரூவான், டி லியோன், எச் லா ரோஷெல், கே போர்தோ, எல் பயோன், எம் துலூஸ். எழுத்துகள் தீர்ந்ததும் இரட்டை எழுத்துகள்: ஏஏ மெட்ஸ், பிபி ஸ்ட்ராஸ்பூர். ரென் நகருக்கு எண் 9. தெற்கே போ நகருக்கோ எழுத்தே கிடையாது. ஒரு சிறிய பசு. பெயார்ன் நாட்டுச் சின்னம் அது. அங்கே அடித்தவற்றில் அரசரின் பட்டமும் சற்று நீளும், 'பெயார்னின் பிரபு' என்பதற்கான இரண்டு எழுத்துகள் கடைசியில் ஒட்டிக்கொள்ளும். என்னைக் கேட்டால், வேறெந்த அடையாளமும் இந்தப் பசுவுக்கு ஈடாகாது.

எல் எழுத்தும் பசுவும் சந்தையில் அடிக்கடி தென்படுவது தற்செயல் அல்ல. பிரான்சுக்குச் சொந்த வெள்ளிச் சுரங்கம் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. மெக்சிகோவிலும் பெருவிலும் தோண்டிய வெள்ளி ஸ்பெயின் வழியாகப் பைரனீஸ் மலையைத் தாண்டி வந்தது. எல்லையோரத்தில் அதை வாங்கி உருக்கியவை பயோனும் போவும். உங்கள் முதல் எக்யூ இவ்விரண்டில் ஒன்றாக அமைய வாய்ப்பு அதிகம்.

இன்னும் நெருங்கிப் பார்த்தால் வாசகங்களுக்கு இடையில் நட்சத்திரம், பறவை, மலர் என ஏதாவது இரண்டு சிறு உருவங்கள் தெரியும். ஒன்று நாணயச்சாலை இயக்குநரின் முத்திரை, மற்றது செதுக்குநரின் முத்திரை. எடை குறைந்தால் யாரைப் பிடிப்பது என்று அரசருக்குத் தெரிய வேண்டுமல்லவா? பதினைந்தாம் லூயியின் பிற்காலத்திலும் பதினாறாம் லூயி காலத்திலும் 'லுட்' என்பதன் கடைசி எழுத்துக்கு அடியில் ஒரு புள்ளி இருந்தால், அது ஆண்டின் பிற்பாதியில் அடித்தது. தேய்ந்த நாணயத்தில் முதலில் மறைவது இந்தப் புள்ளிதான்.

முகம் நிமிர்ந்திருக்கும்படி பிடித்துக்கொண்டு, மேலிருந்து கீழாகப் புரட்டுங்கள். கேடயம் நேராக நிற்க வேண்டும். வெகுவாகச் சாய்ந்திருந்தால் கேள்வி கேளுங்கள்.

எடை, தண்ணீர், விளிம்பு

வாங்கும் முன் எடையைக் கேட்டுப் பெறுங்கள். எடையைத் தர மறுக்கும் விற்பனையாளரிடம் வாங்கத் தேவையில்லை. 29.49 கிராம் என்பது பட்டியல் எடை. புழங்கிய எக்யூ 29.1, 29.3 என்று நிற்பது இயல்பு. 28க்குக் கீழே போனால் சுரண்டலோ போலியோ இருக்கலாம்.

எடை சரியாக இருந்தால் மட்டும் போதாது, அடர்த்தியையும் பார்க்கலாம். தராசின் மேல் ஒரு குவளைத் தண்ணீரை வைத்து எண்ணைச் சுழியமாக்குங்கள். நாணயத்தை மெல்லிய நூலில் கட்டி, அடியிலும் பக்கத்திலும் படாமல் நீரில் முழுதாகத் தொங்கவிடுங்கள். 29.3 கிராம் நாணயத்துக்குத் தராசு ஏறத்தாழ 2.83 காட்ட வேண்டும். முன்னதைப் பின்னதால் வகுத்தால் 10.3க்குச் சற்று மேல் வரும். இந்தத் தர வெள்ளியின் அடர்த்தி அதுதான். 3.2, 3.4 என்று காட்டினால் உள்ளே இருப்பது செம்போ பித்தளையோ. நீர்க்குமிழி ஒட்டியிருந்தால் கணக்கு தவறும், நூலை லேசாகத் தட்டிவிட்டுப் பாருங்கள். பிறகு மெல்லிய துணியால் ஒற்றி எடுங்கள், தேய்க்க வேண்டாம்.

அடுத்தது விளிம்பு. சுத்தியல் காலத்தில் நாணயத்தின் ஓரத்தைக் கத்தரித்து வெள்ளி திருடுவது பெருந்தொழில். மூன்றாம் ஹென்றியின் பிராங்குகள் இதில் படாத பாடு பட்டன. இதற்கு மருந்தாக, 1680களில் ழான் காஸ்தேன் என்பவரின் இயந்திரம் வந்தது. வெறும் வில்லையை இரண்டு எஃகுச் சட்டங்களுக்கு இடையில் உருட்டினால் ஓரத்தில் எழுத்துகள் பதியும். 'டோமினே சால்வும் ஃபாக் ரெஜெம்', ஆண்டவரே அரசரைக் காப்பாற்றும் என்ற வேண்டுதல். இந்த வாசகம் முழுதாக இருக்கிறதா என்று நாணயத்தைச் சுற்றிச் சுற்றிப் பாருங்கள். வார்ப்புப் போலியில் எழுத்துகள் மழுங்கியோ நடுவில் ஒட்டுக்கோடு ஓடியோ இருக்கும். அசலிலும் அரசர் தலைக்கு நேர்மேலே எழுத்து மட்டும் தேய்ந்திருந்தால், யாரோ அதில் வளையம் பற்றவைத்துப் பதக்கமாக அணிந்திருக்கிறார்கள். விலை பாதியாகக் குறைய வேண்டும்.

உண்மையான வெள்ளியிலேயே அடித்த போலிகளும் உண்டு. அவற்றைத் தராசு பிடிக்காது. பழைய ஏலப் படங்களைப் பார்த்து ஒப்பிடுவதுதான் வழி. ஒரே இடத்தில் ஒரே கீறல் இரண்டு நாணயங்களில் இருந்தால் இரண்டையும் விட்டுவிடுங்கள்.

எல்லாக் கோடும் கீறல் அல்ல

புதியவர்கள் நல்ல நாணயத்தைத் தள்ளிவிடுவது பெரும்பாலும் இங்கேதான். அரசர் கன்னத்திலோ கேடயத்தின் நடுவிலோ நெருக்கமான இணைகோடுகள் தெரியும். யாரோ அரம் போட்டது போலவே இருக்கும். ஆம், அரம்தான் போட்டார்கள், ஆனால் நாணயம் அடிப்பதற்கு முன்பு. 244.75 கிராம் கொண்ட ஒரு மார்க் வெள்ளியில் இத்தனை நாணயம் என்று சட்டம் கணக்கு வைத்திருந்தது. வில்லை கனமாக இருந்தால் தொழிலாளி அதை அராவி எடை சரிசெய்வார். குறைவாக இருந்தால் உலைக்குத் திரும்பும். அச்சு விழும்போது பெரும்பாலான அரக்கோடுகள் அழுந்தி மறையும். உருவம் மிக மேடாக எழும் இடத்தில் மட்டும் உலோகம் அச்சின் ஆழம்வரை எட்டாததால் அவை தங்கிவிடும்.

லென்ஸில் வேறுபாடு தெரியும். அரக்கோடு ஒரே திசையில் செல்லும்; உருவத்தின் ஓரம் வந்ததும் அறுந்து, மறுபக்கம் தொடரும்; உள்பள்ளத்திலும் நாணயத்தின் பழைய நிறமே இருக்கும். பிற்காலக் கீறல் மேட்டையும் பள்ளத்தையும் ஒன்றாக அறுத்துக்கொண்டு ஓடும், உள்ளே வெள்ளை பளிச்சிடும். அரக்கோடுகள் விலையைக் கொஞ்சம் குறைக்கும். எனக்கு அவை குறையாகவே படவில்லை. எடைக்காக அந்த ஆட்சி பட்ட கவலை கண்ணெதிரே கிடக்கிறது.

விலையும் கொள்முதலும்

ஒரு எக்யூவில் சுத்த வெள்ளி சுமார் 27 கிராம். வாங்கும் நாளின் வெள்ளி விலையால் பெருக்குங்கள். அதுதான் அடிமட்டம். தேய்ந்த பொது வகைகள் அதற்கு மேல் கொஞ்சம்தான் போகும். நல்ல முகம், அரிய நாணயச்சாலை என்றால் ஏறும். பிரெஞ்சு விற்பனையாளர்கள் நாணயம் எவ்வளவு தேயாமல் இருக்கிறது என்ற தரத்தை டிபி, டிடிபி, எஸ்யூபி, எஃப்டிசி என்று ஏறுவரிசையில் குறிப்பார்கள். தொடங்குபவருக்கு டிடிபி போதும். முடிக்கற்றைகள் பிரிந்து தெரியும், நாடா தெளிவாக இருக்கும், மிக மேடான இடங்கள் மட்டும் வழுவழுப்பாக இருக்கும். தரத்தைக் குறிக்கும் எழுத்தை நம்பிப் பணம் கொடுக்காதீர்கள். படத்தை நம்புங்கள்.

விற்பனைக் குறிப்புகளில் கதூரி, துப்லெசி என்ற பெயர்களோடு எண்கள் வரும். அவை பிரெஞ்சு அரச நாணயப் பட்டியல்களின் எண்கள். இரண்டில் ஒன்றாவது கையில் இருந்தால் எந்த வகை, எந்த நாணயச்சாலை என்று தடுமாற வேண்டியதில்லை. பாரிஸ் போகிறவர்கள் பழைய பங்குச்சந்தைக் கட்டடத்தை ஒட்டிய விவியேன் தெருவில் நாணயக் கடைகளைப் பார்க்கலாம். சேன் நதிக்கரையில், கோந்தி துறையில் உள்ள பாரிஸ் நாணயச்சாலையின் அருங்காட்சியகத்தையும் விட்டுவிட வேண்டாம். ஏலத்தில் கேட்கும்போது கமிஷன், அஞ்சல், சுங்கம் மூன்றையும் கூட்டிப் பார்த்துவிட்டுக் கையைத் தூக்குங்கள்.

இந்தியாவில் இருப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். 1972ஆம் ஆண்டின் தொல்பொருள், கலைச்செல்வச் சட்டப்படி நூறாண்டு கடந்த நாணயம் தொல்பொருள். அதைத் தனியார் வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்ய முடியாது. பிடிக்காவிட்டால் பாரிசுக்கே திருப்பி அனுப்பிவிடலாம் என்ற எண்ணத்தில் வாங்காதீர்கள்.

வந்து சேர்ந்ததும் வீட்டார் செய்ய நினைக்கும் முதல் காரியம், வெள்ளி விளக்குக்குச் செய்வதுபோல் புளியோ விபூதியோ போட்டுத் தேய்ப்பது. தடுத்துவிடுங்கள். இருநூற்றைம்பது ஆண்டுகளாகப் படிந்த சாம்பல் நிறம் ஒருமுறை போனால் போனதுதான், விலையும் கூடவே போகும். ஓரத்தைப் பிடித்தே எடுங்கள். பிவிசி பிளாஸ்டிக் உறைகளில் வைத்தால் பச்சைப் பிசின் படியும். அமிலமற்ற காகித உறையும் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலமும் போதும். உறையின்மேல் ஆண்டு, நாணயச்சாலை, எடை, வாங்கிய விலை நான்கையும் எழுதுங்கள்.

கை பழகிய பிறகு

இப்போது பதினான்காம் லூயியிடம் போகலாம். நாலரை வயதில் அரசரானவர், எழுபத்தாறாம் வயதில் இறந்தார். நெற்றியில் குட்டை முடி விழுந்த குழந்தை முகம், நீண்ட கற்றை கொண்ட சிறுவன், கழுத்துத் துணி கட்டிய வீரர், முதியவர் என ஒரு மனிதர் மூப்படைவதை வெள்ளியிலேயே தொடரலாம்.

அவற்றில் என் கண் முதலில் தேடுவது 1690க்குப் பிந்தைய மறு அச்சுகளை. ஐரோப்பாவின் பாதியோடு போர் நடந்த காலம் அது. 1689 டிசம்பரில் வெர்சாய் அரண்மனையின் வெள்ளி மேசைகள், விளக்குத்தண்டுகள், தொட்டிகள் எல்லாம், ஏறத்தாழ 20 டன், உருக்கப்பட்டு நாணயமாயின. அதுவும் போதவில்லை. மக்களிடமிருந்த எக்யூக்களைக் குறைந்த மதிப்பில் வாங்கி, உருக்காமல் அப்படியே புது அச்சின் கீழ் வைத்து அடித்து, கூடுதல் மதிப்பில் வெளியே விட்டார்கள். இடைப்பட்ட தொகை கஜானாவுக்கு. வெள்ளி அதே வெள்ளி. அவசர வேலை ஆதலால் பழைய அச்சு முழுதாக அழியவில்லை. புதிய கேடயத்துக்கு அடியில் பழைய எழுத்தின் கால், அரசரின் மூக்கருகே முந்தைய ஆண்டின் ஓர் எண் எட்டிப் பார்க்கும். புது வில்லையில் அடித்ததைவிட இவை பெரும்பாலும் மலிவு. சிலர் அழகில்லை என்று ஒதுக்குவது நமக்கு நல்லது.

சிறியதில் பன்னிரண்டில் ஒரு பங்கு எக்யூ, 2.3 கிராமுக்குச் சற்றுக் குறைவு, 5 சோல். இது துருக்கியர் ஆட்சியிலிருந்த கிழக்குச் சந்தைகளில் நகையாகத் தைத்துக்கொள்ள விரும்பப்பட்டது. தேவை பெருகியதும் தோம்ப் சிற்றரசும் இத்தாலியின் குட்டிப் பிரபுக்களும் ஒத்த உருவத்தில், போகப்போகத் தரம் குறைந்த வெள்ளியில் அடித்து அனுப்பினார்கள். துளையிட்டவை மலிவாகக் கிடைக்கும். துளை இந்த நாணயத்துக்கு மட்டும் வரலாற்றுச் சான்று, வாங்கலாம்.

சுத்தியல் காலத்துக் கால் எக்யூக்களைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். வட்டம் சீராக இராது, எழுத்து பாதி வெளியே போயிருக்கும், விளிம்பில் வாசகம் கிடையாது. அவற்றுள் பத்தாம் சார்ல்ஸ் என்ற பெயரில் உள்ளதைத் தேடிப் பாருங்கள். 1824இல் அரியணை ஏறிய சார்ல்ஸ் அல்லர் இவர். நான்காம் ஹென்றியை ஏற்க மறுத்த கத்தோலிக்க அணியினர் அரசராக அறிவித்த முதிய கர்தினால். 1590இல் சிறையிலேயே இறந்துபோனார். ஒருநாளும் ஆளாத அந்த மனிதர் பெயரில், அவர் இறந்த பின்பும் சில ஆண்டுகள் அணியின் நகரங்கள் நாணயம் அடித்தன. விலை கொஞ்சம் கூடுதல்தான். வாங்கும்போது கேடயத்தின் இருபுறக் கோடுகளும் ஆண்டும் தெளிவாக இருக்கிறதா, எடை 9.3க்குக் கீழே போகவில்லையா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.